ஆறு மணிக் கோடு

“உடைச்சேன். ஆமா, நான்தான் உடைச்சேன். இப்ப என்ன அதுக்கு?”

“உடைச்சேன்னு மொட்டையாச் சொன்னா எப்படி? எதால உடைச்சே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்துக் கண்ணாடி, எல்லாத்தையும் முழுசாச் சொல்லு.”

“ஸ்பேனரால மாமா. பதினொன்னே காலுக்கு. இடது பக்கம். போதுமா, எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தரணுமா?”

இந்த இடத்தில் நான் எங்கள் வீட்டு அடுப்பைக் குறைத்தேன். வதக்கும் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழாமலே போய்விடுகிறது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே ஆறடி இடைவெளி. கட்டடத்தைக் கட்டியவர் வெளிச்சத்துக்காக விட்டது. வெளிச்சம் வந்ததோ இல்லையோ, எதிர்வீட்டுச் சமாச்சாரம் ஒன்று பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது. நானாகத் தேடிப் போனதில்லை. ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், அவ்வளவுதான்.

கத்தியவள் எதிர்வீட்டுப் பெண். பத்தொன்பது வயது. பேருந்துப் பணிமனையில் பயிற்சி மெக்கானிக். எங்கள் மாடிப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் குக்கர். அவள் படியேறி வரும் காலடிச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எத்தனை விசில் என்று பந்தயம் கட்டுவார்கள். கேள்வி கேட்டவர் அவளுடைய தாய்மாமா. ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழைதிருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கைக்கு ஆபரேஷன் நடந்தபோது துணைக்கு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போவதாக ஒரு சூட்கேசுடன் வந்தார். அந்த இரண்டு வாரம் நாலு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

நடுவில் நின்றுகொண்டு, “மெதுவா, மெதுவா” என்று இரண்டு பக்கமும் கையமர்த்தியவர் அந்தப் பெண்ணின் அம்மா. பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் இறந்து ஒன்பது வருஷமாகிறது. தையல்காரம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் ஏதாவது சாதிக்க நினைத்தால் எதிர்வீட்டைக் கைகாட்டி, அவங்களைப் பார்த்துக் கத்துக்கோ என்பார். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அந்த அம்மாள்மீது மனத்தாங்கல் உண்டு.

கண்ணாடி விவகாரம் இதுதான். பணிமனையில் ஒரு மூத்த மெக்கானிக் இருந்தான். இவள் முடுக்கிய நட்டை இவள் முன்னாலேயே இன்னொரு தடவை முடுக்கிப் பார்ப்பது அவன் வழக்கம். மற்றப் பயிற்சிப் பையன்கள் வேலையில் கைவைக்க மாட்டான், இவள் வேலையில் மட்டும்தான். வாயால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். முடுக்குவான், நட்டு அசையாது, சிரித்துக்கொண்டே போய்விடுவான். அன்றைக்கு அவன் நாலாவது நட்டில் கைவைத்தபோது இவள் கையிலிருந்த ஸ்பேனர் பறந்தது. அவன்மேல் படவில்லை. பேருந்தின் பக்கக் கண்ணாடி நொறுங்கியது. அதற்கு முன் ஒருமுறை கருவித் தட்டை உதைத்திருக்கிறாள், ஒருமுறை ஒருவன் சட்டையைப் பிடித்திருக்கிறாள். ஆக இது மூன்றாவது.

அந்தப் பயிற்சிக்குத் தேர்வான ஒரே பெண் அவள். இரண்டு வருஷத்தில் பதினைந்து மாதம் முடிந்திருந்தது. முடித்துவிட்டால் நிரந்தர வேலை. அனுப்பிவிட்டால் வேறெங்கும் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் எதற்காக அனுப்பினார்கள் என்று காகிதத்தில் எழுதித்தான் கொடுப்பார்கள். போர்மேன் கெட்ட மனிதர் இல்லை. இளைஞர்களின் கோபத்துக்கென்றே ஓர் ஆலோசனை மையம் இருக்கிறது, எட்டு வாரம் போய்வரட்டும், அதுவரை துடைப்பதும் கிரீஸ் போடுவதும்தான் வேலை, அங்கிருந்து இவள் கையில் கருவி கொடுக்கலாம் என்று எழுதி வந்தால் வைத்துக்கொள்கிறேன், வராவிட்டால் என்னைக் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மையத்துக்கு வாரம் இரண்டு நாள். அங்கே நடப்பதை அவளே மாடிப்படியில் வைத்து எனக்குச் சொன்னாள். நான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். காது மடலில் ஒரு கிளிப், விரல் நுனியில் ஒரு கிளிப். ஒன்று நாடித்துடிப்பைப் பார்க்கும், இன்னொன்று விரலில் கசியும் வியர்வையைப் பார்க்கும். எதிரே கம்ப்யூட்டர் திரையில் கோடு ஓடும். படபடப்பு வந்தால் கோடு துள்ளும். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக இழுத்து விட்டால் இறங்கும். இறங்கினால் திரையில் ஒரு படகு நகரும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் நாள் படகு கரையை விட்டுக் கிளம்பவே இல்லையாம்.

சொல்லிக்கொடுத்த அம்மையாருக்கு நான் கிளிப்பு மேடம் என்று பெயர் வைத்தேன். கெட்டிக்காரி. வெறுமனே மூச்சு விடச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு போல்ட்டும் நட்டும் வாங்கி வைத்து, இவளை முடுக்கச் சொல்லி, உதவியாளரை விட்டு இவள் கண்ணெதிரே மறுபடி முடுக்க வைத்திருக்கிறார். கோடு கூரைக்குப் போயிற்று. மேடம் திரையைக் காட்டியிருக்கிறார். திரும்பத் திரும்ப அதே வேலை. ஐந்தாவது வாரத்தில், ஏறின கோட்டை நாற்பது விநாடியில் இறக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

“ஐட்லிங் செட் பண்றதுதான் ஆன்ட்டி இது” என்றாள் என்னிடம். “கால் வைக்காமலே இன்ஜின் ரேஸ் ஆகுதுன்னா எங்கயோ கோளாறு. சத்தத்தைக் கேட்டாத்தான கண்டுபிடிக்கலாம். என் சத்தம் எனக்கு இதுவரைக்கும் கேட்டதே இல்லை.”

எனக்கு வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இதெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வம்பு வீட்டுப்பாடத்தில் வந்தது. முதல் நாளே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியும் விரலில் மாட்டும் உறையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். பதிவானது போன் வழியாகத் தானே மையத்துக்குப் போய்விடும், கடைசி வாரத்தில்தான் மொத்தமாகத் தாளில் எடுத்துப் பார்ப்பார்கள். தொடர்ந்து மூன்று நாள் பதிவு இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். காலை ஆறு மணி என்று இவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆறு மணிக்கு எழுந்து அவள் ஆயுசில் பழக்கமில்லை. பணிமனையிலிருந்து கிரீஸோடு வந்து விழுந்தால் ஆறரைக்குத்தான் கண் திறப்பாள். முதல் வாரம் நாலு நாள் எழுந்தாள். அப்புறம் இரண்டு நாள் தொடர்ந்து விட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் அம்மா தட்டி எழுப்பப் போய் ஓர் உதை வாங்கிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அம்மாக்கள் படம் வரைந்து கொடுப்பதில்லையா, அட்டையில் வீடு கட்டிக் கொடுப்பதில்லையா? தையல்காரம்மா அதில் கைதேர்ந்தவர். மகள் ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய எரிமலை இவர் பிசைந்ததுதான், எனக்குத் தெரியும். அன்று காலை அந்த உறையை எடுத்துத் தன் விரலில் மாட்டிக்கொண்டார். பெட்டிக்கு யார் விரலென்று தெரியவா போகிறது? தவிர, இவரைவிடச் சாந்தமான விரல் இந்தக் கட்டடத்தில் யாருக்கு இருக்கிறது? மகளுக்கு நாலு மார்க் கூடவே விழும் என்றுகூட நினைத்திருப்பார். மகள் கேட்டபோது, நீ தூங்கு, அதை நான் பார்த்துக்கிறேன் என்றார். அம்மா மையத்தில் பேசி ஏதோ சலுகை வாங்கிவிட்டதாக இவள் நினைத்துக்கொண்டாள்.

நான் பார்த்தேன். சாப்பாட்டு மேசைக்கடியில், தைத்துக்கொண்டிருந்த சட்டைத் துணிக்குள்ளே, இடது கை விரலில் ஒரு பச்சை விளக்கு மினுக்கு மினுக்கென்றது. அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர்கள் ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுவார்கள்.

இப்போது அந்த மேசையில் காலை ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாமா குளித்து, சட்டை போட்டு, காபியுடன் உட்காருவார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுப்பார். முதல் நாள் வீட்டில் நடந்த பிழைகள் அதில் வரிசையாக இருக்கும். குளியலறை விளக்கு அணையவில்லை. பால் பாக்கெட்டைக் கோணலாக வெட்டியிருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சீட்டில் தேதி போடவில்லை. பெண் ராத்திரி ஏழரைக்கு வருவதாகச் சொல்லி ஏழு நாற்பதுக்கு வந்தாள். கோபமே இருக்காது அவர் குரலில். அச்சுக்குப் போகும்முன் தாளைப் பார்ப்பவர் மாதிரி ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் தையல்காரம்மா, “சரிண்ணா” என்பார். சின்ன வயதில் அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தவர் அவர். சரிண்ணா என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? ஒரு காலையில் பொழுதுபோகாமல் எண்ணினேன். பதினேழு சரிண்ணா.

எட்டாவது வாரம் மையத்திலிருந்து வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போர்மேனும் வருகிறார், வீட்டுப் பெரியவர்களும் வர வேண்டும் என்று. தையல்காரம்மா கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா என்று என்னைக் கேட்டார். கேட்காவிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு போயிருப்பேன்.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. மதியம் மூன்று மணி. பெண்ணுக்குக் கடைசிப் பயிற்சி அப்போதுதான் முடிந்து, காதில் கிளிப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் கோடு திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. போர்மேன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மாமா சலவைச் சட்டையில் வந்திருந்தார்.

கிளிப்பு மேடம் மேசையில் தாள்களைப் பரப்பினார். மையத்தில் எடுத்தவை ஒரு பக்கம், வீட்டிலிருந்து வந்தவை ஒரு பக்கம். மையத்துத் தாளில் கோடு வாரத்துக்கு வாரம் அடங்கிக்கொண்டு வந்திருந்தது. வீட்டுத் தாள் பெரும்பாலும் சீப்பு மாதிரி இருந்தது, பல் பல்லாக.

“இருவது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு பதிவை நான் பார்த்ததில்லை” என்றார் மேடம். “காலையில ஆறு மணிக்கு, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துல, நிமிஷத்துக்கு நிமிஷம் இந்தப் பொண்ணுக்கு உள்ளுக்குள்ள கொதிக்குது. இங்க வந்தா எங்களுக்காக அடக்கிக் காட்டுறான்னுதான் அர்த்தம். இதை வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

போர்மேன் ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தார். ஆறு மணிக்கு இப்படிக் கொதித்துவிட்டு ஏழு மணிக்குத் தன் பட்டறைக்கு வந்து நிற்பாள், அங்கே அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் இரும்பு என்றார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் பேசிப் பார்க்கலாம்.

பெண் தாளில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். திரையில் அவள் கோடு விறுவிறுவென்று ஏறியது. மேடம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன், போர்மேன் பார்த்தார், தையல்காரம்மா பார்த்தார். குக்கர் இதோ வெடிக்கப்போகிறது என்று நான் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டேன். அவள் மூக்கால் இழுத்து, வாயால் விட்டாள். இன்னொரு தடவை. இன்னொன்று. கோடு இறங்கியது. அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். “நான் முதல்லயே சொன்னேன், இந்தப் பொண்ணுகிட்ட அடிப்படையிலேயே...”

“அண்ணா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க.”

சொன்னது தையல்காரம்மா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாமா, வேறு யாரோ பேசியதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அது அவ விரல் இல்ல மேடம்” என்றார் தையல்காரம்மா. “என் விரல்.”

மேடம் நம்பவில்லை. பெற்ற மனசு அப்படித்தான் சொல்லும், அதற்காகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இதமாகச் சொன்னார். தையல்காரம்மா, ஊசி குத்திக் காய்த்துப்போன இடது விரலை நீட்டினார். மேடம் சற்று யோசித்துவிட்டு இன்னொரு கிளிப்பை மாட்டினார். இரண்டாவது கம்ப்யூட்டரில் ஒரு கோடு கிளம்பியது. சற்று நேரம் நேராக ஓடியது.

“நாலு பேர் முன்னாடி பொய் சொல்றியா?” என்றார் மாமா.

கோட்டில் ஒரு பல்.

“உனக்குக் கோவமா? நாலு வருஷத்துல ஒரு நாள் நீ முகம் சுளிச்சிருப்பியா?”

இன்னொரு பல், முதலாவதைவிட உயரமாக.

மாமா திரையைப் பார்த்தார். மறுபடி பேச வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்கு முன்பே கோடு ஏறியது. வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். வீட்டுத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துத் தேதி வாரியாக அடுக்கினார். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார். ஒவ்வொரு தாளிலும் பேனா முனையால் பற்களை எண்ணி, நோட்டைப் புரட்டி அந்தத் தேதியில் எத்தனை எழுதியிருக்கிறது என்று பார்த்தார். பதினாலாம் தேதி ஒன்பது, ஒன்பது. பதினைந்தாம் தேதி பதினேழு, பதினேழு. அவர் கோயிலுக்கும் நடைக்கும் போய்விடும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோடு குளம் மாதிரி கிடந்தது. அச்சில் வந்ததை இல்லையென்று சொல்ல அந்த மனிதருக்குப் பழக்கமில்லை.

பத்தொன்பதாம் தேதியில் நிறுத்தினார். இரண்டு தடவை எண்ணினார்.

“இங்க ஒன்னு கூட இருக்கு. நான் சொன்னது பதினொன்னு.”

“எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னீங்க” என்றார் தங்கை.

மாமா நோட்டில் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினார். தாள்களை ஒழுங்காக அடுக்கி மேடத்திடம் நகர்த்தினார்.

“இது என் தங்கச்சியோடதுதான்” என்றார் போர்மேனைப் பார்த்து. “எல்லாம் சரியா ஒத்துப்போகுது. பொண்ணு மேல பிழை இல்லை.”

மேடம் தையல்காரம்மாவை நன்றாகக் கடிந்துகொண்டார். எட்டு வாரப் பதிவைக் குப்பையில் போட வேண்டியதாயிற்றே என்பது அவர் ஆதங்கம். வீட்டுப் பயிற்சியை இன்னும் நாலு வாரம், சொந்த விரலில், பெண் செய்து காட்ட வேண்டும், அதுவரை கையெழுத்து இல்லை என்றார். அதுவரை இவள் கையில் கருவி கொடுக்கலாமா என்று கேள்வி வந்தபோது போர்மேன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். தாளை அவர் எண்ணவில்லை, பெண்ணின் திரையைத்தான் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

“நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரும்மா. அந்த வண்டி இன்னும் ஓரமாத்தான் நிக்குது, பக்கக் கண்ணாடிய நீயே மாட்டு. யாரும் மறுபடி முடுக்க மாட்டாங்க, நான் சொல்லிடறேன்.”

“முடுக்கினா முடுக்கட்டும் சார்” என்றாள் அவள். “இறுக்கமாத்தான் இருக்கும்.”

மேடம், தையல்காரம்மாவும் வாரம் ஒருநாள் வந்தால் நல்லது என்று சொல்லிப் பார்த்தார். தனக்குச் சீருடை சீசன் தலைக்குமேல் கிடப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார் தையல்காரம்மா.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் ஜன்னலோரம் ஆஜர். மாமா குளித்து, சட்டை போட்டு, காபியுடன் உட்கார்ந்தார். நோட்டு பையிலேயே இருந்தது. எதிரே பெண், பாதித் தூக்கத்தில், விரலில் உறையோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார். குளியலறையில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாமா அதைப் பார்த்தார். எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றும் சரி, அடுத்த பத்து நாளும் சரி, அந்த மேசையில் பேச்சே இல்லை. சாப்பாட்டு ருசி போனவர்போல் இளைத்தார் மாமா. பிழை கண்ணில் படுகிறது, சொல்ல வழியில்லை, பாவம். ஒரு நாள் தங்கையே, என் பிழையை எடுக்க வேண்டாம்ணா, ஆனா உங்களுக்கு வெளியில ஏதாவது பிழைதிருத்துற வேலை பார்க்கலாமே என்றார். இரண்டு பேருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பேருந்து நிலையத்துக்கு மாமாவை வழியனுப்பப் போனபோது மட்டும் தையல்காரம்மா அழுதிருக்கிறார், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

மாமா போனது நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊருக்கு. பள்ளிப் புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் மெய்ப்புப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அங்கே கணக்குப் புத்தகம் எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தரை, அறுபத்து மூன்றாம் வயதில், பதிவு அலுவலகத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் காலை ஒன்பது வரை தூங்குகிறவராம். பெண்ணுக்கு அந்த நாலு வாரம் முடிந்து கையெழுத்துக் கிடைத்தது, அடுத்த வருஷம் வேலையும் நிரந்தரமாயிற்று. பிரேக் சரியில்லை என்று பட்டறைக்குள் வந்து கத்திய ஓட்டுநர் ஒருவனுக்கு, பிரேக்கில் ஒன்றும் இல்லை என்று மூன்று தடவை கழற்றி மாட்டிக் காட்டி, கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் வேறு பணிமனைக்கு மாற்றல் கிடைத்து, போன வருஷம் குடியிருப்பில் வீடும் கொடுத்தார்கள். தையல்காரம்மா மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர்களோடு போய்விட்டார். அந்த மூத்த மெக்கானிக் இன்னும் இந்தப் பணிமனையில்தான் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை.